கோலாலம்பூருக்கு இன்னும் இரண்டு மணி இரண்டு நிமிடம்

திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு இரண்டாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், ஏறி உட்கார்ந்தால் நான்கு மணி ஐந்து நிமிடத்தில் இறங்கிவிடலாம் என்று டிக்கெட் போட்டுக்கொடுத்தவர் சொன்னபோது, முசிறி செங்கமலம் அதை ஒரு தூரமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. சமயபுரம் பூச்சொரிதல் நாளில் டோல்கேட்டில் மாட்டிக்கொண்டால் முசிறியிலிருந்து திருச்சிக்கு வந்து சேரவே மூன்று மணி நேரம் ஆகும், அதிலும் பாதி வழி நின்றுகொண்டு; இங்கே என்னவென்றால் உட்கார இடம், சாய்ந்துகொள்ள முதுகு, ஒரு கடலையே தாண்டி நான்கு மணி ஐந்து நிமிடம். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் இருபத்தாறு வருஷம் நின்றபடியே வேலை பார்த்த ஐம்பத்திரண்டு வயதுக்காரிக்கு, நான்கு மணி நேரம் சும்மா உட்காருவது என்பதே பெரிய விஷயம்தான்.

ஆனால் பாருங்கள், அந்த நான்கு மணி ஐந்து நிமிடத்துக்குப் புறப்படவே அவளுக்கு மூன்று வருஷம் ஆகியிருந்தது. மகள் கோகிலா திருச்சியில் நர்சிங் படித்த காலத்தில், பிசியோதெரபி படிக்க மலேசியாவின் கிள்ளானிலிருந்து வந்த தினகரன் என்ற பையனை விரும்பி, படிப்பு முடிந்த கையோடு அவன் ஊரிலேயே கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டாள். வேறு ஜாதி, வேறு நாடு, இந்த வீட்டிலிருந்து ஒரு ஈ காக்கா போகக்கூடாது என்று அப்பா வையாபுரி குதித்தார். குதித்துவிட்டு வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார், அதற்குமேல் அவர் ஒன்றும் செய்யவில்லை. கோகிலா அம்மாவுக்கு மட்டும் டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தாள். பாஸ்போர்ட் இருந்தது, அரக்குப் புடவை ஒன்று எடுத்து வைத்திருந்தது, ஆனாலும் செங்கமலம் போகவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் அவர் விடவில்லை என்று சொன்னாள், சொல்லிச் சொல்லிக் கடைசியில் அவளே அதை நம்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு போனில் பேச்சு இருந்ததே தவிர, பேச்சில் ஒன்றும் இல்லை. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், மழையா, மழைதான். போன மாசம்தான் கோகிலா, குரலை ஒன்றும் உயர்த்தாமல், பிரசவத்துக்காவது வருவியா என்று கேட்டாள். அந்த 'ஆவது' செங்கமலத்தின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே இல்லை. டாக்டர் குறித்த தேதிக்கு இருபத்தொரு நாள் இருக்கும்படி டிக்கெட் போட்டாள், வையாபுரியிடம் சொன்னாள், அவர் என்னமோ செய் என்று சொல்லிவிட்டு மறுபடி வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனார்.

மலேசியாவுக்கு ஒருத்தர் போகிறார் என்று தெரிந்தால் நம் ஜனங்களுக்குக் கை சும்மா இருக்காதே. கிளம்பும் முதல் நாள் வரைக்கும் பார்சல் வந்துகொண்டே இருந்தது: ஈப்போவில் இருக்கிற தம்பிக்கு எள்ளுருண்டை, ஷா ஆலமில் இருக்கிற மருமகனுக்கு முறுக்கு, செராசில் இருக்கிற சித்தி மகளுக்குக் கூழ்வடகம், எல்லாவற்றின்மேலும் பேனாவால் பேரும் ஊரும். யாருக்கும் முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவளுடையது என்று இருந்தது ஓர் ஒயர்க்கூடை மட்டும்தான். அதில் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், கருப்பட்டி போட்டு நெய் விட்டுக் கிண்டி உருட்டிய பிரசவ மருந்தும், குழந்தையைச் சுற்றித் தூக்கப் பழைய வாயில் புடவையைக் கிழித்த துண்டுகளும், ஒரு ஜோடி வசம்பு வளையலும் இருந்தன. அதன்மேலும் பேர் எழுதியிருந்தாள்: கோகிலா, கிள்ளான்.

காலை ஒன்பதே முக்கால் வாக்கில் விமானம் கிளம்பியது. செங்கமலத்துக்கு ஜன்னல் சீட்டு, பக்கத்தில் துவரங்குறிச்சிப் பெண் ஷம்ஷாத், இருபத்திரண்டு வயது, நான்கு மாசம் முழுகாமல் இருக்கிறாள், புருஷன் ஷா ஆலமில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. அந்தப் பக்கம் ஆரோக்கியசாமி அண்ணன். அவர் மாசத்துக்கு நான்கு தடவை இந்த வழியில் சாமான் கொண்டுபோய்க் கொண்டுவருகிற குருவி, இந்தக் கடலில் எந்த இடத்தில் குலுங்கும் என்பதுகூட அவருக்குத் தெரியும். நடுவழியில், முன் சீட்டின் முதுகில் இருந்த சின்னத் திரையில் மீதித் தூரம் ஆயிரத்து முந்நூற்று நாற்பது கிலோமீட்டர், மீதி நேரம் இரண்டு மணி இரண்டு நிமிடம் என்று காட்டியபோது, செங்கமலம் கண்ணை மூடினாள். நன்றாகத் தூங்கி எழுந்து பார்த்தால் ஆயிரத்து முந்நூற்று நாற்பதுதான். மறுபடி தூங்கி எழுந்தாள், அப்போதும் அதேதான்.

இரண்டாம் சாப்பாடு வந்தது, மூன்றாம் சாப்பாடு வந்தது, ஜன்னலுக்கு வெளியே பதினொன்றே முக்கால் வெயில் அப்படியே நின்றது. ஆரோக்கியசாமி அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, இந்த மேகத்தை முன்னாடியே பார்த்தாச்சு என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றிச் சீட்டுக்கு அடியில் தள்ளினார். அவர் செருப்பைக் கழற்றியதைப் பார்த்துப் பின்னால் இருந்தவர்களும் கழற்றினார்கள், அப்படியே நூற்றெண்பது பேரும் கழற்றினார்கள், அதோடு எல்லாருக்கும் புரிந்துவிட்டது. ஒருத்தரும் சத்தம் போடவில்லை. பஸ் நின்றுபோனால் இறங்கித் தள்ளலாம், இதை என்ன செய்வது? ஏர்ஹோஸ்டஸ் விமலா, சிரம்பான் பெண், நல்ல தமிழ், ஜன்னல்களையெல்லாம் மூடச் சொல்லி விளக்கை அணைத்தாள், அது ராத்திரி. மறுபடி போட்டாள், அது காலை. செங்கமலம் திரைக்குப் பக்கத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டாள்.

ஏழு கோடு ஆனபோது கணக்குப் பிடிபட்டது. திரையில் நாளுக்கு ஆறு கிலோமீட்டர் குறைந்தது, கொஞ்சம் கூடவும் இருக்கலாம். கைக்கடிகாரங்களில் முள் நாளுக்கு அரை நிமிடம் நகர்ந்தது. விமானியை யாரும் பார்த்ததில்லை, ஆனால் தினமும் காலையில் அவர் குரல் மூன்று மொழியில் வந்து, வானிலை நன்றாக இருக்கிறது, இன்னும் இரண்டு மணி நேரத்தில் தரையிறங்குவோம் என்று சொல்லும்; ஜனங்களும் சரிங்க சார் என்று சேர்ந்து சொல்லிவிட்டுப் பல் விளக்கப் போவார்கள். நடந்து போனால்கூட இதைவிடச் சீக்கிரம் போய்விடலாமே என்று செங்கமலம் கேட்டதற்கு, கீழே கடல்மா என்றார் ஆரோக்கியசாமி அண்ணன்.

ஆக விமானத்தில் ஊர் உண்டாயிற்று. முன்பக்கத்தை மேலத்தெரு என்றார்கள், டாய்லெட் பக்கத்தைக் கீழத்தெரு என்றார்கள், ஊர்ச் சங்கதியெல்லாம் டாய்லெட் வரிசையில் நின்றுதான் பேசப்பட்டது; சர்க்கரை வியாதிக்காரர்கள் காலையில் நடைபாதையில் நாற்பது ரவுண்டு நடந்தார்கள், வெள்ளிக்கிழமை முன்பக்கம் தொழுகை, ஞாயிற்றுக்கிழமை நடுவில் ஜெபம், செவ்வாய்க்கிழமை பின்பக்கம் மாரியம்மன் பாட்டு, அதில் எல்லாருமே எல்லாவற்றுக்கும் போனார்கள், ஏனென்றால் போக வேறு இடம் இல்லை. ஒன்பதாம் வரிசைப் பெண்ணுக்கும் இருபத்திரண்டாம் வரிசைப் பையனுக்கும் காதல் வந்து, மூன்று வாரத்தில் அது முறிந்து, பதின்மூன்று வரிசை தள்ளியிருந்தும் முகத்தில் முழிக்காமல் இருக்க வழியில்லாததால் மறுபடி ஒட்டிக்கொண்டது.

இதெல்லாம் பிறகு. முதலில் பசி வந்தது. விமலாவின் தள்ளுவண்டி ஐந்தாம் நாளே காலி. மேலே லக்கேஜ் அறைகளில் மூட்டை மூட்டையாகத் தின்பண்டம் இருந்தது, ஆனால் ஒரு கையும் நீளவில்லை, எதுவும் அவர்களுடையது இல்லையே! கொடுத்தனுப்பிய பொருளைப் பிரித்துத் தின்றுவிட்டு நாளைக்கு ஊரில் எப்படி முகம் காட்டுவது? ஒரு நாள் முழுக்க நூற்றெண்பது பேரும் அதிரச வாசனைக்குக் கீழே பட்டினியாக உட்கார்ந்திருந்தார்கள், இப்படி ஒரு பைத்தியக்கார நாணயம் நம் ஜனத்துக்கு மட்டும்தான் வரும்.

கடைசியில் செங்கமலம்தான் எழுந்தாள். பசித்தவர்களைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளுக்குப் பழக்கம் இல்லை.

"பிரிக்கக் கூடாதுங்கறது சரி. உரியவங்ககிட்டக் குடுத்தாச்சுன்னா அவங்க பிரிக்கலாம்ல? வாங்கிக்க ஒரு ஆள்தானே வேணும்?" என்றாள்.

ஆரோக்கியசாமி அண்ணன் தன் பையிலிருந்து முதல் பார்சலை எடுத்துப் பேரைப் படித்தார்: சாந்தி, பூச்சோங். எழுந்து வந்தது கரூர் சிங்காரவேலு, கிரேன் ஓட்டுகிறவர், ஆள் வாட்டசாட்டம், மீசை காது வரைக்கும். அவர் இரண்டு கையையும் நீட்டி அதிரசத்தை வாங்கிக்கொண்டார், வாங்கிக்கொண்டு சும்மா போவது மரியாதையாக இருக்காது என்று தோன்றியதோ என்னவோ, "எங்கண்ணன் எப்படியிருக்காரு, கால் வலி தேவலையா?" என்று கேட்டார். ஆரோக்கியசாமி அண்ணனும் சிரிக்காமல், இப்போ பரவாயில்லை, எண்ணெய் தேய்க்கிறார், நீ கவலைப்படாதே சாந்தி என்று பதில் சொன்னார். சிங்காரவேலு பார்சலைப் பிரித்து ஒவ்வொரு சீட்டாக நீட்டினார்.

அன்றிலிருந்து அதுதான் சட்டம். பேரைப் படிக்கணும், அந்தப் பேருக்கு ஒரு ஆள் எழுந்து நிற்கணும், நின்றவர் அந்தப் பேருக்கு உரியவர் என்ன கேட்பாரோ அதைக் கேட்கணும், கொடுக்கிறவர் உண்மையைச் சொல்லணும், அதற்குப் பிறகுதான் முடிச்சை அவிழ்க்கலாம். இப்படியே ஒருத்தருக்கு மகனாக நின்றவன் மகனாகவே ஆகிவிட்டான், தங்கச்சியாக நின்றவள் கோபித்துக்கொள்ளக்கூட ஆரம்பித்தாள், சிங்காரவேலு தினமும் ஒரு தடவை அண்ணன் காலைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். நூற்றெண்பது பேர் ஏழு மாசம் சாப்பிடுகிற அளவுக்கு ஒரு விமானத்தில் தின்பண்டம் இருக்குமா என்று சில பேர் கேட்கலாம். நம் ஊர் பார்சலின் அளவு தெரிந்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

எல்லார் பார்சலும் பிரிந்தது, காலுக்கு அடியில் இருந்த அந்த ஒயர்க்கூடை மட்டும் பிரியவில்லை. செங்கமலம் அதை யாருக்கும் படித்துக் காட்டவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

அவள் கவலை வேறு. இருபத்தொரு நாளில் பிரசவம், போய்ச் சேர இருநூறு நாளுக்கு மேலே. கல்யாணத்துக்குத்தான் போகவில்லை, பிள்ளை வலியில் அம்மா என்று கத்தும்போதாவது பக்கத்தில் நிற்க வேண்டும் என்றுதான் அவள் கிளம்பினாள். அதுவும் இல்லையென்றால் அவள் எதற்குப் போகிறாள்? ஆரோக்கியசாமி அண்ணன் தைரியம் சொல்வார். கடிகாரத்தைப் பாரும்மா, அதுதான் நிஜம், கீழே உலகத்தில் பத்து நிமிஷம்கூட ஆகலை, உன் மகள் இன்னும் சாயங்காலக் காப்பிகூடக் குடித்திருக்க மாட்டாள் என்பார். செங்கமலத்துக்கு நம்ப ஆசைதான். ஆனால் தலையில் கை வைத்தால் நரை ஒரு விரல் வளர்ந்திருந்தது, நகம் வெட்டி வெட்டி வளர்ந்தது, கடிகாரத்துக்குத் தெரியாதது உடம்புக்குத் தெரியுமே.

உடம்பு சொல்வதும் கடிகாரம் சொல்வதும் வேறு வேறாக இருந்தால் எதை நம்புவது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துச் சீட்டில் ஷம்ஷாத்தின் வயிறு வளர ஆரம்பித்தது.

அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஷம்ஷாத் தங்கமான பெண், வாய்க்கு வாய் அம்மா என்பாள், முறுக்கை உடைத்தால் பெரிய துண்டை இந்தப் பக்கம்தான் நீட்டுவாள். ஆனாலும் அந்த வயிற்றைப் பார்க்காமல் இருக்கச் செங்கமலம் சில நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் பக்கமே உட்கார்ந்திருப்பாள். இந்த வயிறு வளர்ந்தது நிஜமென்றால் நாள் போனதும் நிஜம், நாள் போனது நிஜமென்றால் கோகிலா எப்போதோ தனியாகப் பெற்றுவிட்டாள். இருபத்தொன்றாவது கோடு போட்ட அன்று அவள் சாப்பிடவில்லை. கடிகாரத்தில் பதினொன்று ஐம்பத்தைந்து. விமலா வந்து கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள், சிங்காரவேலு எள்ளுருண்டை ஒன்றை மடியில் வைத்துவிட்டுப் போனார்.

முப்பத்தேழாவது நாள், வரிசை வரிசையாகப் பேசி முடிவெடுத்துக்கொண்டு, ஊரே திரண்டு அவள் சீட்டுக்கு வந்தது. பிறந்திருந்தால் இன்றைக்குப் பதினாறாம் நாள், பேர் வைக்க வேண்டாமா என்றார்கள். ஒரு துப்பட்டாவை லக்கேஜ் கதவுகளுக்கு நடுவில் தொட்டிலாகக் கட்டி, உள்ளே ஒரு தலையணையைப் போட்டு, மூன்று மதத்துப் பெண்களும் மாற்றி மாற்றித் தாலாட்டுப் பாடினார்கள். பேர் வைக்கும்போது மட்டும் மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் சண்டை வந்து, கடைசிவரை தீராமல், தலையணைக்கு நான்கு பேர் ஆயிற்று. செங்கமலம் அழுதாள், நடுவில் சிரித்தும்விட்டாள். பாட்டியானது உண்மையோ பொய்யோ, அன்றைக்கு அவளுக்கு வயிறு நிறையச் சாப்பிட முடிந்தது.

நூற்றைம்பதாவது நாள், திரையில் முந்நூற்று எண்பது கிலோமீட்டர் மிச்சம் இருந்தபோது, ஷம்ஷாத்துக்கு வலி எடுத்தது.

செங்கமலம் இரண்டு பெற்றவள், ஒன்று தக்கவில்லை. ஆனால் இன்னொருத்தி பெறுவதைப் பக்கத்தில் நின்று பார்த்ததே இல்லை. அவளுக்குக் கை நடுங்கியது. பெண்கள் புடவைகளைப் பிடித்துக்கொண்டு பின்பக்கத்தை மறைத்து நின்றார்கள், ஆண்களெல்லாம் மேலத்தெருவுக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள், விமலா படித்த பயிற்சியெல்லாம் மறந்துபோய்ப் பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து சொன்னாள். ஷம்ஷாத் அம்மா அம்மா என்று கத்தினாள், பிடித்துக்கொள்ளக் கை தேடினாள், தேடிய இடத்தில் செங்கமலத்தின் கைதான் இருந்தது. ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்று செங்கமலத்துக்குப் பழகப் பழக நடுக்கம் நின்றுபோனது. மூச்சை விடு, இப்போ விட்டுடு, இப்போ முக்கு என்று அவள் வாய் தானாகச் சொல்ல ஆரம்பித்தது, அப்படியே ஒரு ராத்திரியும் ஒரு பகலும் போய்ப் பெண் குழந்தை பிறந்தது. விமானியின் குரல் அன்றைக்கு நேரம் தப்பி வந்து, பயணிகள் எண்ணிக்கை நூற்று எண்பத்தொன்று என்று மூன்று மொழியிலும் சொன்னது.

பிள்ளை பெற்றவள் குளிரில் வெடவெடவென்று நடுங்கினாள். மருந்து கொடுக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும், அது எங்கே இருக்கிறது என்றும் எல்லாருக்கும் தெரியும், ஆனால் ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை. அந்தக் கூடையை எடுத்தால், கோகிலாவுக்கு இனி இது வேண்டாம், நான் நேரத்துக்குப் போகவில்லை என்று அவளே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும்.  செங்கமலம் சீட்டுக்குப் போய்க் கூடையை எடுத்துக்கொண்டு வந்து, சட்டத்தை அவளே உண்டாக்கினவள் இல்லையா, முறைப்படி பேரைப் படித்தாள்.

"கோகிலா, கிள்ளான்."

புடவை பிடித்திருந்த பெண்கள் யாரும் நகரவில்லை. படுத்தபடியே ஷம்ஷாத் கையைத் தூக்கினாள்.

"நான்தான் கோகிலா," என்றாள். அந்தப் பேருக்கு உரியவள் என்ன கேட்பாளோ அதைக் கேட்க வேண்டுமே; ஐந்து மாசம் பக்கத்துச் சீட்டில் இருந்தவளுக்கு அது தெரியாதா. "ஏம்மா, என் கல்யாணத்துக்கு ஏன் வரலை?"

அவர் விடலை என்று செங்கமலத்தின் வாய் வரைக்கும் வந்தது. மூன்று வருஷமாக எல்லாருக்கும் சொன்ன பதில், பழகிய பதில். ஆனால் கொடுக்கிறவர் உண்மையைச் சொல்ல வேண்டும், அதுவும் சட்டம்தான். தவிர, இத்தனை வலிப்பட்டுப் படுத்திருக்கிறவளிடம் பொய் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

"டிக்கெட் இருந்துச்சு, கதவும் தொறந்துதான் இருந்துச்சு," என்றாள். "அவர் தண்ணி பாய்ச்சப் போயிட்டாரு, யாரும் என்னைப் பிடிச்சு வெக்கலை. நாலு பேர் என்ன பேசுவாங்களோன்னு பயந்துக்கிட்டு நான்தான் வரலை. தப்புதான் சாமி."

 "சரி, குடு," என்று சொல்லி ஷம்ஷாத் வாயைத் திறந்தாள்.

செங்கமலம் ஓர் உருண்டையைக் கிள்ளி அவள் வாயில் வைத்தாள். கூடையில் இருந்த பழைய புடவைத் துண்டில் குழந்தையைச் சுற்றினாள், வசம்பு வளையலைக் கையில் போட்டுவிட்டாள். நாற்பது நாளைக்கு ஒரு வேளை தவறாமல் மருந்து கொடுத்தாள், கூடை காலியாயிற்று. மனசில் ஒரு கனம் போனது போலவும் இருந்தது, அது போன இடம் வலிக்கவும் செய்தது. ஆனாலும் பொய் சொல்வானேன், அந்தக் குழந்தை மடியில் கிடந்து கொட்டாவி விடும்போது அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு இறங்குமுகம். கடைசி அரை மணி நேரம் என்பது ஐம்பது நாள், ஐம்பது நாளும் எல்லாருக்கும் காது அடைத்தே இருந்தது, பேச்செல்லாம் கத்தலாக இருந்தது. சீட் பெல்ட் போடச் சொல்லி விளக்கு எரிந்து ஒரு மாசம் எரிந்தபடியே இருந்தது, விமலா பாவம் பார்த்து முறை வைத்து அவிழ்த்துவிட்டாள். மேலத்தெருவில் அடுத்த வாரம் யார் பெருக்குவது என்று ஒரு தகராறு நடந்துகொண்டிருந்தபோது, இருநூற்றுப் பத்தாவது நாள், சக்கரம் தடதடவென்று தரையில் ஓடியது. எல்லாருடைய கடிகாரமும் ஒரே மாதிரி ஒன்றே முக்கால் காட்டியது. கோலாலம்பூர் நேரம் மாலை நான்கேகால், விமானம் குறித்த நேரத்துக்கு வந்து சேர்ந்தது என்று அறிவித்தார்கள். ஜனங்கள் செருப்பைத் தேடினார்கள்.

யாருக்கும் யாரையும் விட்டுப் பிரிய மனசில்லை, ஆனாலும் கதவு திறந்ததும் முந்திக்கொண்டு நின்றார்கள், அந்தப் பழக்கம் மட்டும் ஏழு மாசத்தில் போகவில்லை. குடியேற்றக் கவுண்டரில் உட்கார்ந்திருந்த அம்மா, கடவுச்சீட்டு இல்லாத குழந்தையைப் பார்த்து எங்கே பிறந்தது என்று கேட்க, விமலா வரைபடத்தில் கடலில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினாள். அந்த அம்மா அதைக் குறித்துக்கொண்டு, குழந்தையின் கன்னத்தைத் தட்டி அனுப்பிவிட்டார். வெளியே நின்ற ஷம்ஷாத்தின் புருஷன் காலையில் போனில் பார்த்த மனைவியையும் அவள் கையில் இருந்த குழந்தையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பேர் வைத்தாச்சா என்று மட்டும் கேட்டான். பூச்சோங் சாந்தியிடம் சிங்காரவேலு போய், அதிரசம் வந்து சேர்ந்தது, நன்றாக இருந்தது என்று விவரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

செங்கமலம் வெறுங்கையோடு நின்றாள். இதற்குமேல் போய் என்னத்தைப் பார்க்கப் போகிறோம், இடுப்பில் ஆறு மாசக் குழந்தையோடு ஒருத்தி நிற்பாள், இப்போதும் நீ வரலையே என்று கேட்பாள், கேட்கட்டும், கேட்கிற உரிமை அவளுக்கு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே கதவைத் தாண்டினாள்.

கம்பிக்கு அந்தப் பக்கம் கோகிலா நின்றிருந்தாள். வயிறு முன்னால் தள்ளிக்கொண்டு, ஒரு கை இடுப்பில், ஒரு கை கம்பியில், பக்கத்தில் தினகரன் முகமெல்லாம் வேர்த்துப் போய்.

 கடிகாரமே நீ நல்லாயிருப்பே என்று செங்கமலம் மனசுக்குள் கும்பிட்டாள். ஓடிப் போய் மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சொல்ல வேண்டியதை இப்போதே சொல்லிவிட வேண்டும், ஒரு நிமிஷம்கூடத் தள்ளிப்போடக் கூடாது என்று ஆரம்பித்தாள்.

"கோகிலா, உன் கல்யாணத்துக்கு, உங்கப்பா இல்லடி, நான்தான்..."

"அம்மா," என்றாள் கோகிலா, பல்லைக் கடித்துக்கொண்டு. "அதை அப்புறம் சொல்லு. எனக்கு வலி ஆரம்பிச்சு ரெண்டு மணி நேரமாச்சு. ஆஸ்பத்திரிக்குப் போலாம் போலாம்னு இவர் கெஞ்சிக்கிட்டே இருக்காரு. நீ இறங்காம நான் போகமாட்டேன்னு நிக்கிறேன்."

தினகரன் கார் சாவியைக் கீழே போட்டான், எடுத்தான், மறுபடி போட்டான். செங்கமலம் மகளின் வயிற்றில் கையை வைத்தாள். அது கல்லாக இறுகி, கொஞ்ச நேரம் நின்று, மெல்லத் தளர்ந்தது. அவள் கை ஒரு துளிகூட நடுங்கவில்லை.

"எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை வருது?"

"ஆறு நிமிஷம்மா."

"ஆறு நிமிஷமா?" என்றாள் செங்கமலம், மகளின் கையைத் தன் தோளில் எடுத்துப் போட்டுக்கொண்டே. "அப்போ எக்கச்சக்கமா நேரம் இருக்கு. மெதுவா நட."